பாகம் பிரியாத ரவுட்டர்

சேவூர்,
ஆனி மாதம் பதினான்காம் தேதி.

அன்பும் படிப்பும் நிறைந்த மாப்பிள்ளை தரணிக்கு, உங்கள் சின்ன மாமன் ஆத்தப்பன் ஆசி கூறி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை செல்லாத்தாளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே பெங்களூரில் நீங்களும், உங்கள் அம்மாவான என் அக்காவும் சௌக்கியமாக இருக்க சேவூர் ஈஸ்வரன் துணை. மனசுக்கு எப்படி என்று கேட்டால், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இந்தக் காலத்தில் யார் காகிதத்தில் எழுதுகிறார்கள் என்று நினைப்பீர்கள். மெயில் போடலாம்தான். ஆனால் என் மெயில் என் தையல் யூனிட்டிலிருந்து கிளம்பி அண்ணன் ஆபீஸ் வழியாகத்தான் வெளி உலகத்துக்குப் போகிறது. அண்ணனைப் பற்றி எழுதும் கடிதத்தை அண்ணன் வாசல் வழியாக அனுப்புவதற்கு எனக்குத் தைரியம் இல்லை. போனில் இதையெல்லாம் பேசினால் பக்கத்தில் அக்கா இருப்பார், இரண்டு தம்பிகளுக்கும் சேர்த்து அழுவார். அதனால்தான் கூரியர். படித்துவிட்டு அக்கா கண்ணில் படாமல் வைத்துவிடுங்கள். இந்தத் தாள்களின் பின்பக்கத்தில் 'அட்டைப்பெட்டி எண் 118, நேவி ப்ளூ, சைஸ் 104' என்று அச்சாகியிருப்பதைக் கண்டுகொள்ள வேண்டாம். அது எப்படி என் வீட்டுக்கு வந்தது என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன்.

தை மாதம் நாங்கள் பாகம் பிரித்தபோது நீங்கள் வரவில்லை, வேலை என்றீர்கள். நல்லதாகப் போயிற்று. திருமூர்த்தி மாமா நடுவில் உட்கார்ந்து தையல் மெஷின், கட்டிங் டேபிள், ஏணி, தீயணைப்பு சிலிண்டர் என்று ஒன்று விடாமல் பிரித்தார். வாசலில் தொங்கிய திருஷ்டிப் பூசணிக்காய்க்குக்கூடப் பேச்சு வந்து, அது மூத்தவருக்கு என்றும் இளையவர் புதிதாக வாங்கிக் கட்டிக்கொள்வது என்றும் முடிவாயிற்று. பெரிய ஆபீஸும் அதை ஒட்டிய தையல் தளமும் அண்ணனுக்கு, ஊத்துக்குளி ரோட்டிலுள்ள பேக்கிங் குடோனும் அண்ணனுக்கு, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தையல் யூனிட் எனக்கு. 'ரவுட்டர் மூன்று, மூத்தவருக்கு இரண்டு, இளையவருக்கு ஒன்று' என்று பத்திரத்திலேயே எழுதி நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பெட்டிகளைப் பிரித்தோமே தவிர, ஐந்து வருஷத்துக்கு முன்னால் நீங்கள் வந்து அந்தப் பெட்டிகளை ஒன்றோடொன்று பேச வைத்துவிட்டுப் போனீர்கள் என்பது அங்கே ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

கையெழுத்துப் போடும் சமயத்தில் அண்ணன் சொன்ன சொல்லை உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. பத்துப் பேர் முன்னால், பேனாவை மூடிக்கொண்டே, "ஆத்தப்பனுக்கு அளவு வராதுங்க. பேட்டர்ன் பாக்குற அன்புசெல்விய அவங்கிட்டயே உட்டுருங்க" என்றார். முப்பது வருஷம் பனியன் தொழிலில் இருப்பவனுக்கு அளவு வராதாம். திறமையான பெண்ணை எனக்கு விட்டுக்கொடுத்ததுகூட அந்தக் குத்தலை ஊர் மறந்துவிடாமல் இருக்கத்தான் என்று நினைக்கிறேன். அன்றைக்கு நிறுத்தியதுதான் பேச்சு. ஐந்து மாதம் ஆகிறது. எதிரெதிரே கார் வந்தால் நான் ஹாரனைப் பார்க்கிறேன், அவர் கண்ணாடியைப் பார்க்கிறார்.

அதோடு ஒரு நிம்மதியும் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்திருந்த காலத்தில் நான் அளவு சார்ட் போட்டால் அண்ணன் உட்கார்ந்து திருத்துவார், திருத்திய கட்டத்துக்கெல்லாம் மஞ்சள் அடிப்பார். காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் சார்ட் முழுக்க மஞ்சள் நீராட்டு விழா நடந்திருக்கும். இப்போது அந்தத் தொல்லை இல்லை. கம்ப்யூட்டர் திரை எனக்குக் கண் கூசுகிறது என்பதால் சார்ட்டை அடித்துவிட்டு மூடிவிடுவேன், அப்புறம் அன்புசெல்வி கருப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்துத் தருவதைத்தான் பார்ப்பேன். சித்திரை மாதம் எங்களிடம் துணி வாங்கும் ஜெர்மனி பையருக்குக் கொடுத்த குழந்தைகள் டீ-ஷர்ட் சாம்பிள் ஒரு திருத்தம்கூட இல்லாமல் முதல் தடவையிலேயே ஓகே ஆனது. கழுத்து, நீளம், துவைத்தபின் சுருக்கம் எல்லாம் கச்சிதம் என்று பையர் எழுதியிருந்தார். அளவு வராதவன் போட்ட அளவு மாப்பிள்ளை அது. அண்ணனுக்கு அந்த மெயிலை அனுப்பலாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு விட்டுவிட்டேன்.

இப்போது குளிர்கால ஆர்டர் வந்திருக்கிறது. அதே பையர், அண்ணனிடமும் சாம்பிள் கேட்டிருக்கிறார், என்னிடமும் கேட்டிருக்கிறார். யாருடையது சரியாக இருக்கிறதோ அவருக்கு மொத்தமும். இது எனக்குக் கிடைக்காவிட்டால் தீபாவளிக்குப் பிறகு என் யூனிட்டில் பாதி மெஷினுக்குத் துணி போட்டு மூடி வைக்க வேண்டியதுதான், ஊரும் அண்ணன் சொன்னது சரிதானே என்று சொல்லிவிடும். இந்த நேரத்தில்தான், போன மாதம், அண்ணனுடைய டிரைவர் ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்து, "உங்களுதுங்க, எங்க பேக்கிங் பிரிண்டர்ல வந்துருச்சுங்க" என்றார். பிரித்துப் பார்த்தால் என்னுடைய புது அளவு சார்ட். அன்புசெல்வி பழைய பழக்கத்தில் பேக்கிங் பிரிண்டரைத் தட்டிவிட்டிருக்கிறது. இங்கேயிருந்து அங்கே பிரிண்ட் போகும் என்றால் அங்கேயிருந்து இங்கே ஃபைலைத் திறக்கவும் முடியும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. எங்கள் சார்ட் எல்லாம் இருக்கும் ஃபோல்டரில் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை.

உடனே உங்களுக்குப் போன் போட்டேன், பாஸ்வேர்டு போடுங்கள் மாமா, இரண்டு நிமிஷ வேலை என்றீர்கள். அது முடியாது என்றதும் சிரித்தீர்கள். மாப்பிள்ளை, நீங்கள் படித்தவர், ஆனால் இது உங்களுக்குப் புரியாது. இத்தனை வருஷம் திறந்து கிடந்த ஃபோல்டருக்கு இப்போது பாஸ்வேர்டு போட்டால் அண்ணனைத் திருடன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். அதுவே என் யூனிட்டுக்கு வழியே அவர் ரவுட்டருக்குத் தெரியாமல் போய்விட்டால் யாரும் யாரையும் ஒன்றும் சொன்னதாக ஆகாது. ஏதோ மெஷின் கோளாறு என்று அவரும் இருப்பார், நானும் இருப்பேன். எனக்கு வேண்டியது அந்த மரியாதையான கோளாறுதான்.

நீங்கள் மீட்டிங்கில் மாட்டிக்கொண்டதால் நம்ம கேமரா, கம்ப்யூட்டர் சர்வீஸ் முருகேஷைக் கூப்பிட்டேன். தங்கமான ஆள், ஆனால் எதையும் செய்துபார்த்துக் கற்றுக்கொள்கிறவர். அண்ணன் இடங்களுக்குப் போகும் வழிகளை நம் ரவுட்டரில் ஃபில்டர் போட்டு நிறுத்திவிட்டேன், இனி அவர்களுக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை என்றார். டீ குடித்து முடிப்பதற்குள் பேக்கிங் குடோனிலிருந்து போன். பெரிய ஆபீஸிலிருந்து பேக்கிங்குக்கு ஒன்றுமே வரவில்லையாம், கண்டெய்னர் வாசலில் நிற்கிறதாம். நடந்தது என்னவென்றால், அண்ணன் ரவுட்டருக்கு என் யூனிட் முன்போலவே பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்தது. என் ரவுட்டர் மட்டும் தன் கண்ணைத் தானே கட்டிக்கொண்டது. பேக்கிங்குக்குப் போக வேண்டியதை அண்ணன் ரவுட்டர் நம்பி நடுவில் இருக்கும் என்னிடம் கொடுக்க, எனக்கு வழி தெரியாமல் நான் எல்லாவற்றையும் கீழே போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு மறைக்கப் போய் அண்ணன் ஷிப்மென்ட்டை நிறுத்திய பாவம் வந்து சேர்ந்தது. பதறிப்போய் எடுக்கச் சொன்னேன்.

இரண்டாவது தடவை, ரவுட்டரை அண்ணன் பக்கம் பேசவே விடாமல் வாயைக் கட்டிவிட்டேன் என்றார் முருகேஷ். கட்டியது நிஜம். அந்த நிமிஷமே என் இன்டர்நெட்டும் போயிற்று, ஏனென்றால் அது அண்ணன் ஆபீஸ் வழியாக அல்லவா வருகிறது. நான் அப்போது பையரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். துணியின் கனத்தைச் சொல்ல வாயைத் திறந்தவன் திறந்தபடியே உறைந்துபோய், அவர்கள் திரையில் கால் மணி நேரம் அப்படியே இருந்திருக்கிறேன். மறுநாள் அந்தப் பையர் அம்மாள் உடம்பு பரவாயில்லையா என்று கேட்டு எழுதியிருந்தார்.

மூன்றாவது தடவை நடந்ததை எழுதவே கை வரவில்லை. பழையபடி பேச வைக்கிறேன் என்று முருகேஷ் ஏதோ அடித்தார். எதை எதை அறிவிக்க வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்ட ரவுட்டருக்கு, சலித்துப்போய், உன்னிடம் இருப்பது எல்லாவற்றையும் அறிவி என்று சொல்லிவிட்டார். யூனிட்டிலிருந்து சேவூர் வீட்டுக்கு, கேமரா பார்ப்பதற்காக ஒரு லைன் இழுத்திருக்கிறோம் அல்லவா, அதையும் ரவுட்டர் ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டது. வீட்டுக்கும் பேக்கிங் குடோனுக்கும் ஒரே நம்பர் வரிசையைப் போட்டு வைத்தவரும் இதே முருகேஷ்தான். எந்த இடமானாலும் பிரிண்டருக்கு ஐம்பது, வாசல் கேமராவுக்கு அறுபது என்று போடுவார், ஞாபகம் வைத்துக்கொள்ள சுலபமாம். இப்போது ஒரே நம்பரில் இரண்டு இடம். என் ரவுட்டர் எது கிட்டத்தில் இருக்கிறது என்று பார்த்தது. என் வீடுதான் கிட்டத்தில்.

அன்று மத்தியானம் பெரிய ஆபீஸில் அடித்த பேக்கிங் லிஸ்ட் பூராவும் என் வீட்டுப் பிரிண்டரில் கொட்டியிருக்கிறது. பேப்பர் தீர்ந்தால் அது கூப்பிடும், உங்கள் அத்தை பாவம் பார்த்துப் பேப்பர் வைப்பார். முந்நூறு தாளுக்கு மேல் ஆன பிறகுதான் எனக்குப் போன் செய்து, "ஏனுங்க, அவிங்க லிஸ்ட்டு நம்ம ஊட்டுக்கு எதுக்குங்க வருது" என்று கேட்டார். இப்போது எங்கள் வீட்டு அலமாரித் தட்டெல்லாம் நேவி ப்ளூ, சைஸ் 104 விரித்திருக்கிறது. மிச்சத்தில்தான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கேமரா கதை இதைவிட மோசம். பெரிய ஆபீஸில் பேக்கிங் வாசலைப் பார்ப்பதற்கு ஒரு பெரிய திரை உண்டு. அதில் இரண்டு நாள் என் வீட்டு வாசல் ஓடியிருக்கிறது. அண்ணன் ஆபீஸ் வாட்ச்மேன் அழகுமலை, மதுரைப் பக்கத்து ஆள், வீட்டுக்குப் போன் போட்டு, "அம்மா, மழ தூறுதும்மா, கொடியில துணி கெடக்கு, எடுங்க" என்றிருக்கிறார். இவருக்கு எப்படித் தெரியும் என்று உங்கள் அத்தை வானத்தைப் பார்த்தாராம். மறுநாள் காலையில் நான் துண்டோடு வாசலில் நின்று பல் தேய்த்துவிட்டு உள்ளே வந்தால் மறுபடியும் அழகுமலை. ரொம்பத் தயங்கி, "ஐயா, பிரஷ்ஷ அவ்வளவு அழுத்தித் தேய்க்க வேணாமாம், ஈறு போயிருமாம். பெரியவரு சொல்லச் சொன்னாரு" என்றார். பாருங்கள் மாப்பிள்ளை, ஐந்து மாதமாக என்னோடு பேசாத மனிதர், பத்துப் பேரோடு உட்கார்ந்து நான் பல் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறார். அவமானம் தாங்கவில்லை. முருகேஷை வரச் சொல்லி, போட்டதையெல்லாம் எடுத்து, முதல் நாள் இருந்த நிலைமைக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். அதாவது ஃபோல்டர் திறந்துதான் கிடக்கிறது.

அப்புறம்தான் போன வாரம் நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள். எனக்குப் புரிந்தவரை திருப்பி எழுதுகிறேன், தப்பு இருந்தால் திருத்துங்கள். நம் ரவுட்டர்கள் ஓ.எஸ்.பி.எஃப். என்ற முறையில் பேசுகின்றன. ஒவ்வொன்றும் தன்னோடு யார் யார் ஒட்டியிருக்கிறார்கள் என்பதை அறிவிக்கும், கேட்டது அதை மாற்றாமல் அடுத்ததற்குச் சொல்லும், கடைசியில் ஒரு ஏரியாவில், அதாவது ஒரு கூட்டத்தில், இருக்கும் எல்லார் கையிலும் ஒரே வரைபடம் இருக்கும். "மாமா, ஒரே ஏரியாவுக்குள்ள இருந்துக்கிட்டு ஒருத்தருக்கு மட்டும் மறைக்க முடியாதுங்க. மறைக்கோணும்னா ஏரியாவத் தனியாப் பிரிச்சு, எல்லையில இருக்குற ரவுட்டர்லதான் நிறுத்தோணும்" என்றீர்கள். சரி, பிரித்து என் யூனிட்டை மறைத்துவிடுங்கள், இன்டர்நெட் மட்டும் வந்தால் போதும் என்றேன். அதற்கு நீங்கள், "நீங்க எங்க இருக்கீங்கன்னே பெரிய மாமா ரவுட்டருக்குத் தெரியலைன்னா, வெளிய இருந்து உங்களுக்கு வர்ற பதில அது எப்படிங்க உங்ககிட்ட திருப்பி அனுப்பும்" என்று கேட்டீர்கள். அன்று இரவு அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை.

விடிந்ததும் தனியாக இன்டர்நெட் லைனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை கம்பி இழுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே வரும் சனிக்கிழமை நீங்கள் கட்டாயம் கிளம்பி வந்து, என் யூனிட்டைத் தனி ஏரியா ஆக்கி, எல்லையில் ஃபில்டர் போட்டு, என் பக்கத்து வழி ஒன்றுகூட அண்ணன் பக்கம் போகாதபடி செய்துவிட வேண்டும். அவர் பேக்கிங்குக்குப் போகும் வழியை மட்டும் தொந்தரவு செய்யாதீர்கள், கண்டெய்னர் நின்றால் மனசு கேட்கவில்லை. திங்கட்கிழமை சாம்பிள் கொடுக்க வேண்டும். அதற்குள் என் அளவு என்னோடு இருக்க வேண்டும். எனக்கு அளவு வரும் என்பதை ஒரே ஒரு தடவை, யாருடைய கண்ணும் படாமல், நானாகச் செய்து காட்டிவிட்டால் போதும் மாப்பிள்ளை. களைத்துவிட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், காரணத்தைச் சொல்ல வேண்டாம். ஊத்துக்குளி வெண்ணெய் இரண்டு கிலோ காய்ச்சி நெய்யாக எடுத்து வைத்திருப்பதாக உங்கள் அத்தை எழுதச் சொன்னார். நீங்கள் நோய் நொடி இல்லாமல், சீக்கிரம் ஒரு கல்யாணமும் ஆகி, நிறைவாக வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் சின்ன மாமன்,
ஆத்தப்பன்.

பி.கு.: இரண்டு நாளாக ஒட்டாமல் கிடந்த கவரை ஒட்டுவதற்கு முன்னால் இதையும் எழுத வேண்டியதாகிவிட்டது. நேற்று அன்புசெல்வி வந்து, "ஏனுங்க, இந்தத் தடவ கை நீளத்துக்கு நீங்க மஞ்சள் போடலீங்களே, அப்படியே வெட்டட்டுங்களா" என்று கேட்டது. நான் எங்கே மஞ்சள் போட்டேன் என்றேன். அது கம்ப்யூட்டரைத் திறந்து சித்திரை மாதத்து சார்ட்டைக் காட்டியது. கழுத்தில் மஞ்சள், நீளத்தில் மஞ்சள், சுருக்கத்தில் மஞ்சள். நான் போட்டிருந்த கழுத்தில் எந்தக் குழந்தையின் தலையும் நுழைந்திருக்காது. திருத்திய கம்ப்யூட்டர் பெரிய ஆபீஸ் என்று ஃபைலிலேயே இருக்கிறது. தையிலிருந்து இன்றுவரை நான் போட்ட சார்ட் ஒன்றைக்கூட அண்ணன் பார்க்காமல் விடவில்லை. எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. குளிர்கால சார்ட்டில் நேற்று சாயங்காலம் வேண்டுமென்றே கை நீளத்தைப் பாதியாகக் குறைத்து வைத்துவிட்டு வந்தேன். இன்று காலை போய்க் கண் கூச நானே திறந்து பார்த்தேன். அந்தக் கட்டம் மஞ்சளாக இருந்தது, அளவு சரியாக இருந்தது, பக்கத்துக் கட்டத்தில் ஒரு வரி இருந்தது: 'இது வேணும்னே போட்டது. விளையாடாம வேலையப் பாரு.' ஐந்து மாதத்தில் அண்ணன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. புது லைன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் சனிக்கிழமை அவசியம் வாருங்கள், நெய்யை எடுத்துக்கொண்டு போங்கள். அந்த ரவுட்டர் இருக்கும் அறைப் பக்கம் மட்டும் போக வேண்டாம்.